முப்பத்தேழரை டிகிரியும் ஒரு துப்புரவுப் பணியும்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் சாலை வழியே செல்வோர் அந்தச் சமவெளியில் நீண்டு கிடக்கும் கோழிப் பண்ணைகளைக் காணாமல் இருக்க முடியாது. முன்பு சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாயிருந்து, 1997ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாக இயங்கி வருகிற நாமக்கல், முட்டையினால் நாடெங்கும் பெயர் பெற்றது. அங்கிருந்து செல்லும் முட்டைகள் உண்பதற்கானவை. ஆனால் அவற்றை இடும் கோழிகள் ஒரு காலத்தில் குஞ்சுகளாய் இருந்தவை அல்லவா? அக்குஞ்சுகள் பெரும்பாலும் தாய்க்கோழியின் இறகுக்கடியில் பிறப்பதில்லை. குஞ்சு பொரிப்பகத்தில், ஓர் யந்திரத்தின் வயிற்றில் பிறக்கின்றன.

ஒரு முட்டை குஞ்சாவதற்கு 21 நாட்கள் வேண்டும். முதல் 18 நாட்கள் ஒரு யந்திரத்திலும், எஞ்சிய 3 நாட்கள் மற்றொன்றிலும் அதை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். முதல் யந்திரத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 37.5 செல்சியஸ் டிகிரியிலிருந்து 37.8 டிகிரிக்குள் நிற்க வேண்டும். பழைய கணக்கில் சொல்லும் பெரியவர்கள் இதனையே தொண்ணூற்றொன்பதரை முதல் நூறு ஃபாரன்ஹீட் டிகிரி என்பார்கள். வெப்பம் நாள் கணக்கில் சற்று மிகுந்து நின்றால் குஞ்சுகள் காலத்திற்கு முன்னரே, தொப்புள் சரியாக மூடாமல், வலிவற்றுப் பிறக்கும். குறைந்து நின்றால் பிறப்புத் தாமதமாகும். மிகவும் கூடிவிட்டால் கரு முட்டைக்குள்ளேயே மாண்டுவிடும். ஆயிரக்கணக்கான உயிர்களின் கதி ஒரு டிகிரியின் சிறு பகுதியைப் பொறுத்திருக்கிறது.

'இப்பொழுது வெப்பம் எவ்வளவு?' என்னும் கேள்விக்கு யார் விடை சொல்கிறார்கள்? கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறுவதை மனிதர் கண்ணால் பார்த்த காலம் ஒன்று உண்டு. இக்காலத்தில் அவ்வேலையைப் பெரும்பாலும் மின்னணுச் சில்லுகள் செய்கின்றன. சில்லு தரும் விடையைக் கணிப்பொறிக்கு விளங்கும்படி சொல்வதற்கு நடுவில் ஒரு சிறிய நிரல் இருக்கிறது. அந்த நிரலைப் பற்றியும், அதனைத் துப்புரவு செய்வது எப்படி என்பதைப் பற்றியுமே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் சில்லைப் பார்ப்போம். அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் உருவாக்கிய எல்எம்75 என்பது இவ்வகையில் பெயர் பெற்ற ஒன்று. உளுந்து மணி அளவே இருக்கும். குறைகடத்தியாலான ஒரு சந்தியின் வழியே மின்சாரம் ஓடும்போது அதன் குறுக்கே தோன்றும் மின்னழுத்தம், வெப்பம் ஏற ஏறச் சீராகக் குறைகிறது. டிகிரி ஒன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட்டு. இவ்வியல்பை அடிப்படையாகக் கொண்டு சில்லு வெப்பத்தை அளந்து, ஓர் எண்ணாக மாற்றி வைத்துக்கொள்கிறது. கணிப்பொறி கேட்கும்போது இரண்டு கம்பிகளின் வழியே அவ்வெண்ணைக் கொடுக்கிறது. ஒரே தெருவில் எட்டு வீடுகளுக்குத் தனித்தனிக் கதவிலக்கம் இருப்பதைப் போல, ஒரே இணைக் கம்பியில் இத்தகைய எட்டுச் சில்லுகளைத் தனித்தனி முகவரியோடு மாட்டலாம்.

இனி நிரலைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் அதற்கு 'டிரைவர்' என்று பெயர். நாமக்கல் வட்டாரத்தில் டிரைவர் என்றால் லாரி ஓட்டுபவர் என்றே எவரும் பொருள் கொள்வர். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. அந்தப் பொருளும் நமக்கு இங்கே உதவுகிறது. லாரியின் உரிமையாளர், 'இந்தச் சரக்கு மும்பைக்குப் போய்ச் சேர வேண்டும்' என்று மட்டுமே சொல்கிறார். எந்த மேட்டில் எந்தக் கியர் போட வேண்டும், இந்த வண்டியின் பிரேக்கு எவ்வளவு மிதித்தால் பிடிக்கும் என்பனவற்றை ஓட்டுநரே அறிவார். வண்டி மாறினால் ஓட்டும் முறை மாறும். உரிமையாளரின் கட்டளை மாறுவதில்லை. கணிப்பொறியிலும் அப்படித்தான். இயங்குதளம் என்னும் தலைமை நிரல், 'வெப்பம் எவ்வளவு?' என்று கேட்கிறது. குறிப்பிட்ட சில்லின் குணம் அறிந்து விடை வாங்கி வருவது டிரைவரின் வேலை. தமிழில் அதனை 'இயக்கி' என்கிறோம்.

இவ்வேலை எளிதன்று. 37.5 டிகிரியை எல்எம்75 சில்லு எவ்வாறு சொல்கிறது என்று பாருங்கள். அது இரண்டு எண்களை அனுப்புகிறது: 37, 128. முதல் எண் முழு டிகிரி. இரண்டாவது எண், ஒரு டிகிரியை 256 கூறாக்கினால் அதில் எத்தனை கூறு என்பது. 128 கூறு என்றால் அரை டிகிரி. இதில் மூன்று இடங்களில் தவறு நேரலாம்.

முதலாவது, வரிசை. இந்தச் சில்லு பெரிய எண்ணை முதலில் அனுப்புகிறது. கணிப்பொறி பயன்படுத்தும் பொதுவான வாசிப்பு முறையோ சிறிய எண்ணே முதலில் வரும் என்று எதிர்பார்க்கிறது. இயக்கி இவ்விரண்டையும் இடம் மாற்றாமற் போனால், 37.5 என்பது சுழியத்துக்குக் கீழே 128 டிகிரி என்று வந்து நிற்கும்!

இரண்டாவது, குறி. குளிர்பதனக் கிடங்கில் வெப்பம் சுழியத்துக்குக் கீழே அரை டிகிரி என்று கொள்வோம். சில்லு அதனைத் தன் ஒன்பது இலக்கங்களும் ஒன்றாக இருக்கும்படி எழுதுகிறது. இயக்கி அதனை எதிர்மறை எண் என்று உணராமல் சாதாரண எண்ணாக வாசித்தால் 255.5 டிகிரி என்னும் விடை கிடைக்கும். குளிர் நிறைந்த அறை உலைக்களமாகிவிடும்.

மூன்றாவது, அலகு. ஒருவர் டிகிரியிலும், மற்றொருவர் அரை டிகிரியிலும், வேறொருவர் ஃபாரன்ஹீட்டிலும் விடை சொன்னால் கேட்பவர் என் செய்வார்? ஆகவே லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஓர் ஒழுங்கு வகுத்திருக்கிறார்கள். எந்தச் சில்லாயிருந்தாலும், இயக்கி ஒரு செல்சியஸ் டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டே விடை தர வேண்டும். 37.5 டிகிரி என்பது 37500 என்று வரும். கேட்கும் நிரலுக்குச் சில்லின் பெயர் தெரிய வேண்டியதில்லை.

லினக்ஸ் என்பது பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய இயங்குதளம். அதன் மூல நிரல் முழுவதையும் எவரும் படிக்கலாம்; திருத்தம் எழுதி அனுப்பலாம். எல்எம்75 சில்லுக்கான இயக்கி நிரலின் முகப்பில், ஃபுரோடோ லோயார்ட் என்பவரின் பெயரும் 1998, 1999 என்னும் ஆண்டுகளும் இன்றும் காணப்படுகின்றன. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பலர் கைபட்டு வளர்ந்த நிரல் அது.

அப்படி வளர்ந்ததே அதைத் துப்புரவு செய்ய வேண்டியதற்கும் காரணமாயிற்று. ஒரு பழைய வீட்டை எண்ணிப் பாருங்கள். முதலில் ஒரு கூடமும் ஓர் அடுக்களையும் இருந்தன. மூத்த மகனுக்குத் திருமணமானபோது ஓர் அறை. பிறகு மாட்டுக் கொட்டகை ஒன்று. பின்னர் மாடிக்கு ஒரு படிக்கட்டு. ஒவ்வொன்றும் அந்த அந்த நேரத்துக்குத் தேவையானதே. ஆனால் ஐம்பது ஆண்டு கழித்துப் பார்த்தால், அடுக்களைக்குப் போவதற்கு மாட்டுக் கொட்டகையைக் கடக்க வேண்டியிருக்கிறது! எல்எம்75 சில்லைப் போன்றே நடந்துகொள்ளும் வேறு சில்லுகளைப் பல நிறுவனங்கள் வெளியிட்டன. ஒன்று ஒன்பது இலக்கத்தில் அளந்தது. மற்றொன்று பன்னிரண்டு இலக்கத்தில். ஒன்று விரைவாய் அளந்தது; மற்றொன்று மெதுவாய். ஒவ்வொன்றும் வந்தபோது, 'இந்தச் சில்லானால் இப்படிச் செய்; அந்தச் சில்லானால் அப்படிச் செய்' என்று ஒரு கிளையை நிரலில் ஒட்டிக்கொண்டே வந்தார்கள்.

இதனைச் சீர் செய்தவர்கள் மூன்று வகையான வேலைகளைச் செய்தார்கள். அவை மூன்றும் படிக்கும் மாணவர்களுக்கு நல்ல பாடங்கள்.

எண்களின் வரிசையை இடம் மாற்றுவது பற்றிச் சற்று முன் சொன்னேன். அதனைப் பல இயக்கிகள் தனித்தனியே தம் தம் வழியில் எழுதி வைத்திருந்தன. அவ்வேலையைச் செய்யும் பொதுவான செயல்கூறு ஒன்றை எழுதி, எல்லாரும் அதனையே அழைக்கும்படி செய்தார்கள். பத்து இடத்தில் இருந்தால் பத்து இடத்திலும் பிழை நேரலாம். ஓரிடத்தில் இருந்தால் பலரும் அதனைப் பார்ப்பார்கள். பிழை கண்டால் ஒரு முறை திருத்தினால் போதும். இது முதல் வேலை.

இரண்டாவது வேலை, 2016ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த லினக்ஸ் 4.9 பதிப்பினால் எளிதாயிற்று. அதற்கு முன் ஒவ்வோர் இயக்கியும் தன் அளவுகளை வெளியே காட்டும் கோப்புகளைத் தானே உருவாக்க வேண்டியிருந்தது. ஒரே மாதிரியான வரிகள் இயக்கிக்கு இயக்கி திரும்பத் திரும்ப வந்தன. புதிய முறையில், 'என்னிடம் இன்ன இன்ன அளவுகள் உண்டு. கேட்டால் இப்படிப் படித்துச் சொல்வேன்' என்று இயக்கி ஒரு பட்டியல் கொடுத்தால் போதும். கோப்புகளை உருவாக்கும் வேலையைப் பொது அமைப்பே பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது வேலை 2019இல் எல்எம்75 இயக்கியிலேயே நடந்தது. கிளை கிளையாகப் பிரிந்திருந்த கட்டளைகளை நீக்கி, ஓர் அட்டவணையை அமைத்தார்கள். ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு வரி. அவ்வரியில் அது எத்தனை இலக்கத்தில் அளக்கும், ஒரு முறை அளக்க எவ்வளவு நேரம் ஆகும், தொடக்கத்தில் அதற்கு என்ன கட்டளை தர வேண்டும் என்னும் விவரங்கள். கடைக்காரர் ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணக்கையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஆணியில் குத்தி வைப்பதற்கும், பேரேட்டில் வரிசையாக எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. புதிய சில்லு வந்தால் பேரேட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இதுவரை கேட்டதிலிருந்து, துப்புரவுப் பணி என்றால் நிரலைச் சுருக்கி அழகு செய்வதே என்று தோன்றலாம். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பொரிப்பக யந்திரங்கள் எல்லாமே லினக்ஸில் இயங்குகின்றன என்று நான் சொல்லவில்லை. ஆயினும் உதாரணத்துக்காக அத்தகைய யந்திரம் ஒன்றில் பன்னிரண்டு இலக்கச் சில்லு ஒன்று பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அது 37, 208 என்று அனுப்புகிறது. 208 கூறு என்பது 0.8125. ஆக, வெப்பம் 37.8125 டிகிரி, அதாவது நூறு ஃபாரன்ஹீட்டைச் சற்றே தாண்டிவிட்டது. இனி, துப்புரவு செய்ய வந்த ஒருவர், 'எல்லாச் சில்லும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன! எதற்கு இத்தனை வேறுபாடு?' என்று கருதி, அனைத்தையும் ஒன்பது இலக்கக் கணக்கிலேயே படிக்கும்படி மாற்றிவிடுகிறார். நிரல் பத்து வரி குறைந்துவிட்டது. பார்ப்பதற்கும் அழகாயிருக்கிறது. ஆனால் ஒன்பது இலக்கக் கணக்கில் அரை டிகிரிக்குக் குறைந்தது எதுவும் தெரியாது. 37.8125 என்பது 37.5 என்று வருகிறது. நூறு ஃபாரன்ஹீட் என்பது தொண்ணூற்றொன்பதரையாகிவிட்டது. யந்திரம் நிறைவோடு இருக்கிறது. முட்டைக்குள் இருக்கும் உயிரோ வெந்துகொண்டிருக்கிறது.

சுழியத்துக்குக் கீழே 128 என்று காட்டும் பிழையை எவரும் உடனே கண்டுகொள்வர். 37.5 என்று காட்டும் பிழையை யார் கண்டுகொள்வார்? நம்பத்தக்க தோற்றத்தோடு வரும் பொய்யே கொடியது. ஆகவே துப்புரவின் முதல் விதி, எழுத்தை மாற்றினாலும் பொருளை மாற்றாதே என்பது.

கோழிக் கொட்டகையிலிருந்து மற்றோர் உதாரணம் சொல்கிறேன். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கோடையில் அது வாயைத் திறந்து மூச்சு வாங்கியே உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. அப்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுவதால், ஓடு உருவாவதற்கு வேண்டிய கார்பனேட்டு குறைந்து, முட்டையின் ஓடு மெலிகிறது. ஆகவே வெப்பம் 30 டிகிரியைத் தொட்டால் விசிறி ஓடட்டும். 28க்கு இறங்கினால் நிற்கட்டும் என்று ஏற்பாடு செய்வதாகக் கொள்வோம். இரண்டுக்கும் நடுவே இடைவெளி வைக்காவிட்டால், விசிறி நொடிக்கு நொடி ஓடுவதும் நிற்பதுமாகப் பழுதாகிவிடும். அந்தக் கீழ் எல்லையை எல்எம்75 சில்லு '28' என்று நேராகவே எழுதிக்கொள்கிறது. எல்எம்90 என்னும் வேறொரு சில்லோ, மேல் எல்லையிலிருந்து எவ்வளவு கீழே என்று, '2' என்று எழுதிக்கொள்கிறது. வெளியே கேட்பவருக்கு இரண்டு இயக்கிகளும் 28 என்றே சொல்ல வேண்டும். இதை அறியாதவர், தேவையற்ற கழித்தல் கணக்கு என்று எண்ணி ஒரு வரியை நீக்கிவிட்டால், கீழ் எல்லை 2 டிகிரி என்றாகும். நமது சமவெளியில் வெப்பம் 2 டிகிரிக்கு இறங்குவது எக்காலம்? விசிறி நிற்கவே நிற்காது.

பயன்படுத்துவோர் தவறான எண்ணைக் கொடுத்தால் அதனையும் இயக்கி தாங்க வேண்டும். எல்எம்75 சில்லு 125 டிகிரி வரையில்தான் அளக்கும். ஒருவர் கை தவறி மேல் எல்லையை 500 என்று எழுதிவிட்டார் என்று கொள்ளுங்கள். இயக்கி அதனை 125க்குக் குறைத்து எழுத வேண்டும். அப்படிக் குறைக்கும் வரியை வீண் என்று நீக்கிவிட்டால், சில்லின் சிறிய ஏட்டில் அவ்வளவு பெரிய எண் அடங்காமல் சுற்றி வந்து, சுழியத்துக்குக் கீழே 12 என்று பதிவாகும். எப்போதும் அபாய மணி அடித்துக்கொண்டே இருக்கும். பயனற்றதாகத் தோன்றும் ஒரு வரி, என்றோ ஒருவர் பட்ட துன்பத்தின் நினைவுச் சின்னமாக இருக்கலாம்.

இக்காரணங்களால், லினக்ஸில் இத்தகைய இயக்கிகளைப் பேணுவோர் சில நெறிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். பிழை திருத்தம் ஒரு மாற்றம். துப்புரவு மற்றொரு மாற்றம். புதிய வசதி சேர்ப்பது வேறொரு மாற்றம். மூன்றையும் ஒன்றாகக் கலந்து அனுப்பக் கூடாது. கலந்து அனுப்பினால், பின்னர் ஒரு கோளாறு தெரியும்போது அது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க இயலாது; அந்த ஒன்றை மட்டும் திரும்பப் பெறவும் இயலாது. மேலும், சில்லைச் செய்தவர் வெளியிட்ட விவரக் குறிப்பைப் படிக்காமலும், கூடுமானவரை உண்மைச் சில்லில் சோதித்துப் பார்க்காமலும் கை வைப்பது தகாது. மாற்றத்துக்கு முன் 37500 என்று சொன்ன இயக்கி, மாற்றத்துக்குப் பின்னும் 37500 என்றே சொல்ல வேண்டும். சுழியத்துக்கு மேலும், கீழும், எல்லைகளிலும் இவ்வாறு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே துப்புரவு முடிந்தது என்று சொல்லலாம்.

ஒன்றை மட்டும் இங்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இயக்கி எவ்வளவு நேர்த்தியாயிருப்பினும், சில்லின் குறையை அதனால் நீக்க முடியாது. நுட்பம் வேறு, துல்லியம் வேறு. பதினாறில் ஒரு பங்கு டிகிரி வரையில் எண் காட்டும் சில்லு, உண்மையிலிருந்து ஒரு முழு டிகிரி விலகியும் நிற்கலாம். எல்எம்75 சில்லைச் செய்தவர்களே, சாதாரண வெப்பநிலைகளில் அது 2 டிகிரி வரை கூடவோ குறையவோ காட்டக்கூடும் என்றுதான் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். கணிப்பொறியைக் குளிர்விக்கும் விசிறிக்கு அது போதும், முட்டைக்குப் போதாது. ஆகையால் பொரிப்பகத்தில் எந்தக் கருவி இருந்தாலும், சரிபார்க்கப்பட்ட வெப்பமானி ஒன்றை வைத்து அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அறிவுடைமை. இயக்கியின் கடமை, சில்லு சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது. சில்லு சொன்னது உண்மைதானா என்று ஆராய்வது மனிதரின் கடமை.

மாணவர்களே! புதியதொன்றைப் படைப்பவருக்குப் புகழ் எளிதில் கிடைக்கிறது. இருப்பதைச் சீர் செய்பவரை உலகம் அறிவதில்லை. ஆனால் நாம் நாள்தோறும் நம்பியிருக்கும் கருவிகள் பலவும் இத்தகைய பெயர் தெரியாத கைகளால் ஒழுங்காக வைக்கப்பட்டிருப்பதால்தான் இயங்குகின்றன. சேலத்தில் அரசினர் பொறியியற் கல்லூரி 1966இல் தோன்றியது. இன்று சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பொறியியற் கல்லூரிகள் பல. அங்கே படிப்போருக்கு இந்த இயக்கி நிரல் எட்டாத பொருள் அன்று. விலை குறைந்த ஒரு சில்லும், லினக்ஸ் இயங்கும் ஒரு சிறு கணிப்பொறியும், சில்லின் விவரக் குறிப்பும் இருந்தால் போதும். நிரலைத் திறந்து, ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். காரணம் புரியாத வரியை நீக்காதீர்கள். காரணம் புரியும் வரையில் காத்திருங்கள். புரிந்த பிறகு, அதனை இன்னும் தெளிவாக எழுத முடியுமானால் எழுதுங்கள்.

அடைகாக்கும் கோழி முட்டையைப் புரட்டிப் புரட்டி வைக்கிறது. இடம் மாறுகிறது, பக்கம் மாறுகிறது. உள்ளிருக்கும் உயிருக்கு மட்டும் ஊறு நேர்வதில்லை. துப்புரவு செய்யும் கைக்கும் அந்தப் பக்குவம் வேண்டும்.